விசிறித்தொண்டை ஓணான்

விசிறித்தொண்டை ஓணான்கள் என்பவை இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட, திறந்த நிலங்களில் தரையில் வாழும் சிறிய ஓணான்கள். இவை அகாமிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிட்டானா, சரடா என்னும் இரண்டு பேரினங்கள் இத்தொகுதியில் அடங்கும். ஆண் ஓணானின் தொண்டைக்குக் கீழே விசிறியைப் போல விரிந்து மடங்கும் தோல்மடிப்பு இருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் இவை காணப்படுகின்றன.

அறிவியல் உலகம் முதலில் பெயரிட்டு அறிந்த விசிறித்தொண்டை ஓணான் புதுச்சேரியிலிருந்து கிடைத்தது. அதன் பெயர் சிட்டானா பாண்டிசெரியானா. புதுச்சேரியிலிருந்து கடலூர் சுமார் 22 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒரே மணற்கரையும் ஒரே செம்மண் மேடும் இரண்டு ஊர்களையும் இணைக்கின்றன. எனவே கடலூர் முதல் சிதம்பரம் வரையிலான கடலோரம் இத்தொகுதியின் வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. இந்தியா முழுவதும் பரவியிருப்பதாக நெடுங்காலம் கருதப்பட்ட சிட்டானா பாண்டிசெரியானா, உண்மையில் நாட்டின் கிழக்குப் பகுதிக்கு உரிய ஒரு சிற்றினம் என்பது 2015-க்குப் பின்வந்த ஆய்வுகளால் தெளிவானது. அது வாழும் நிலமோ அரசுப் பதிவேடுகளில் பெரும்பாலும் தரிசு, புறம்போக்கு என்றே குறிக்கப்படுகிறது.

பெயர்

தமிழில் ஓணான் என்ற சொல் பொதுவாக வேலியோரங்களிலும் மரங்களிலும் காணப்படும் தோட்ட ஓணானைக் குறிக்கிறது. 'வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி', 'வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாற்போல' என்னும் பழமொழிகள் அதைப் பற்றியவை. விசிறித்தொண்டை ஓணான் வேலியைச் சார்ந்து வாழ்வதில்லை. புல்லும் முட்செடியும் விட்டுவிட்டு வளர்ந்த வெற்றுத் தரையே அதன் இடம்.

பாண்டிசெரியானா என்பது புதுச்சேரியின் பழைய ஐரோப்பியப் பெயரை இலத்தீன் வடிவில் எழுதியதாகும். சரடா என்ற பேரினப் பெயர் ஓணானைக் குறிக்கும் மராத்திச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழ்ச் சொற்களும் இத்தொகுதியின் அறிவியல் பெயர்களில் இடம்பெற்றுள்ளன. 2016-இல் தமிழ்நாட்டிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு சிற்றினத்துக்கு, பனையோலை விசிறியை நினைவூட்டும் வகையில் சிட்டானா விசிறி எனப் பெயரிடப்பட்டது. அதே ஆண்டில் தென்தமிழ்நாட்டிலிருந்து விவரிக்கப்பட்ட மற்றொன்று சிட்டானா மருதம்நெய்தல். வயலும் வயல்சார்ந்த நிலமும் மருதம், கடலும் கடல்சார்ந்த நிலமும் நெய்தல் என்னும் திணைப் பகுப்பு இப்பெயரின் வழியாக விலங்கியலுக்குள் வந்தது.

கண்டறிதலும் வகைப்பாடும்

பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே 1829-இல் சிட்டானா பேரினத்தையும் சிட்டானா பாண்டிசெரியானா சிற்றினத்தையும் விவரித்தார். அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியிலிருந்து உயிரின மாதிரிகள் பாரிசு அருங்காட்சியகத்துக்குத் தொடர்ந்து அனுப்பப்பட்டன. 1816-இல் இந்தியாவுக்கு வந்து புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்த லெசனோ என்ற இயற்கையியலாளர் இப்பணியில் முக்கியமானவர். இதே வறண்ட நிலங்களில் வாழும் மற்றொரு சிறிய பல்லியினமான ஓபிசாப்சு லெசனோல்டி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அதுவும் 1829-இல்தான் விவரிக்கப்பட்டது.

1870-இல் ஜெர்டன் தக்காணப் பகுதியிலிருந்து பெரிய உடலும் வண்ண விசிறியும் கொண்ட ஓணானைத் தனிச் சிற்றினமாக விவரித்தார். ஆனால் பின்வந்த நூல்கள் இவ்வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், விசிறித்தொண்டை கொண்ட ஓணான் எங்கு கிடைத்தாலும் அதைச் சிட்டானா பாண்டிசெரியானா என்று குறிப்பதே வழக்கமாக இருந்தது. கன்னியாகுமரி முதல் இமயமலை அடிவாரம் வரை ஒரே சிற்றினம் பரவியிருப்பதாக இதனால் ஒரு தோற்றம் உண்டானது.

இந்நிலை படிப்படியாக மாறியது. முக்கியமான கட்டங்கள் வருமாறு:

1998: நேபாளத்திலிருந்து புதிய சிட்டானா சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன.

2015: இலங்கையிலிருந்து சிட்டானா பகிரி, சிட்டானா தேவகாய் ஆகிய இரண்டும் விவரிக்கப்பட்டன. இவற்றுள் தேவகாய் இலங்கையின் வடபகுதிக்கு உரியது.

2016: வி. தீபக், பிரவீண் கரந்த் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தீபகற்ப இந்தியாவின் விசிறித்தொண்டை ஓணான்களை உடலமைப்பு, மரபணு ஆகிய இரண்டையும் கொண்டு மறு ஆய்வு செய்தனர். சரடா என்ற புதிய பேரினமும் ஐந்து புதிய சிற்றினங்களும் விவரிக்கப்பட்டன. ஜெர்டன் விவரித்த தக்காண ஓணான் சரடா பேரினத்தில் சேர்க்கப்பட்டது.

2018: கேரளக் கடலோரத்திலிருந்து சிட்டானா அட்டன்பரோயி, கர்நாடகத்திலிருந்து சிட்டானா கோகாகென்சிசு, நாகார்ச்சுனசாகர் பகுதியிலிருந்து சிட்டானா தொண்டலு ஆகியவை விவரிக்கப்பட்டன.

ஒரு சிற்றினம் பலவாகப் பிரிக்கப்படும்போது, பழைய பெயர் எந்த ஊர் மாதிரிக்கு முதலில் இடப்பட்டதோ அந்த ஊரின் உயிரினத்துக்கே உரியதாகும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. அதன்படி சிட்டானா பாண்டிசெரியானா என்ற பெயர் புதுச்சேரிப் பகுதி ஓணானோடு நின்றது. மகாராட்டிரம், குசராத்து, கேரளம் முதலிய பகுதிகளில் இப்பெயரால் முன்பு பதிவான பல தகவல்கள் இன்று பிற சிற்றினங்களுக்கு உரியவையாகிவிட்டன. காட்டில் ஓர் ஓணான்கூடக் குறையாமலே சிட்டானா பாண்டிசெரியானாவின் பரவல் எல்லை நிலப்படத்தில் சுருங்கியது. பரவல் மிகப் பெரியது, ஆகவே ஆபத்து இல்லை என்னும் பழைய மதிப்பீட்டின் அடிப்படையும் அதனுடன் தளர்ந்தது.

உடலமைப்பு

சிட்டானா பாண்டிசெரியானா மிகச் சிறிய ஓணான். மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரையிலான உடல் நீளம் ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே. வால் உடலைவிட நீண்டது. மேற்புறம் மண்ணின் பழுப்பு நிறத்தில் இருக்கும். முதுகின் நடுவில் கரும்பழுப்புச் சாய்சதுரப் புள்ளிகள் வரிசையாக அமைந்திருக்கும். செதில்களின் நடுவே மேடான வரி உண்டு. காய்ந்த சருகும் மணலும் கலந்த தரையில் அசையாமல் நின்றால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இத்தொகுதியை அறிய உறுதியான அடையாளம் பின்னங்காலின் விரல்கள். சிட்டானா, சரடா ஆகிய இரண்டு பேரினங்களிலும் பின்னங்காலில் நான்கு விரல்களே உள்ளன. ஐந்தாவது விரல் இல்லை. தோட்ட ஓணானுக்குப் பின்னங்காலில் ஐந்து விரல்கள் உண்டு. விசிறி பெண் ஓணான்களில் வளர்வதில்லை என்பதால், பெண்களையும் குஞ்சுகளையும் அடையாளம் காண விரல் எண்ணிக்கை பெரிதும் உதவும்.

ஆணின் விசிறி எல்லாச் சிற்றினங்களிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. சரடா பேரினத்தின் சில சிற்றினங்களில் அது பெரியது. நீலம், கறுப்பு, செம்மஞ்சள் நிறங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். சிட்டானா பேரினத்தில் விசிறி பெரும்பாலும் வெண்ணிறமானது. சிலவற்றில் நடுவே நீலக் கோடு ஓடும். கிழக்குக் கடலோர ஓணானின் விசிறி சிறியது, வெளிறியது. விசிறியின் விளிம்பு பெரிய செதில்களால் பல்பல்லாகத் தோன்றும்.

வறண்ட நிலத் தகவமைப்பு

கடலூர் மாவட்டத்தில் ஆண்டு மழையளவு 1000 மி.மீ.-க்கு மேல். ஆகவே இது பாலைநிலம் அன்று. ஆனால் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றின்போது பெய்துவிடுகிறது. மணலிலும் சரளைச் செம்மண்ணிலும் நீர் தங்குவதில்லை. மழை நின்ற சில நாட்களிலேயே மேல்மண் காய்ந்துவிடும். சனவரி முதல் செப்டம்பர் வரை இத்தரை நண்பகலில் வெறுங்காலால் மிதிக்க முடியாத அளவு சுடும். ஓணான் எதிர்கொள்ளும் வறட்சியில் மழைக்கு உள்ள பங்கைவிட மண்ணுக்கு உள்ள பங்கு பெரிது.

இச்சூழலுக்கு ஏற்ற பண்புகள் பல இவ்வோணானிடம் உள்ளன. செதில் போர்த்திய தோல் உடல் நீரை எளிதில் இழப்பதில்லை. எல்லாப் பல்லிகளையும் போல, நைட்ரசன் கழிவை யூரிக் அமிலமாகத் திட நிலையில் வெளியேற்றுவதால் சிறுநீருக்கென அதிக நீர் செலவாவதில்லை. தேவையான நீரில் பெரும்பகுதி உணவுப் பூச்சிகளின் உடலிலிருந்தே கிடைத்துவிடும்.

வெப்பத்தைச் சமாளிப்பது பெரும்பாலும் நடத்தையால் நிகழ்கிறது. காலையில் வெயில்படும் இடத்தில் உடலைத் தட்டையாக்கி வெப்பம் ஏற்றிக்கொள்ளும். தரை சூடேறும்போது செடியின் நிழலுக்கு நகரும், அல்லது கல், குச்சி போன்ற சிறு மேட்டின் மீது ஏறும். நண்பகலில் தரையிலிருந்து சில அங்குலம் உயர்ந்தாலே காற்றின் வெப்பம் குறைவு. எனவே இவ்வோணானுக்கு வெயிலும் வேண்டும், அதனருகிலேயே நிழலும் வேண்டும். முழுவதும் வெற்றுத் தரையாக உள்ள நிலமும் முழுவதும் நிழல் மூடிய நிலமும் அதற்குப் பயன்படுவதில்லை.

விரைந்து ஓடும்போது விசிறித்தொண்டை ஓணான்கள் முன்னுடலை உயர்த்திப் பின்னங்கால்களால் மட்டுமே ஓடக்கூடியவை. நீண்ட பின்னங்கால்களும் பின்னால் நீட்டிய வாலும் இதற்குத் துணைசெய்கின்றன. இவ்வாறு ஓடுவதற்குச் செடிகளுக்கு இடையே தடையற்ற தரை தேவை.

தோற்றமும் காலநிலை வரலாறும்

விசிறித்தொண்டை ஓணான்களின் நெருங்கிய உறவினர்கள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஈரக் காடுகளில் வாழும் ஓணான்களே. காட்டுத் தரையில் வாழ்ந்த ஒரு மரபிலிருந்து திறந்தவெளி மரபு எவ்வாறு பிரிந்தது என்பதைத் தீபக், கரந்த் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. துணைக்கண்டத்தின் 107 இடங்களிலிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டன. மரபணு ஒப்பீட்டில் 15 சிற்றினங்கள் தனித்தனியே பிரிந்தன. அவற்றில் 13 தீபகற்ப இந்தியாவைச் சேர்ந்தவை.

இம்மரபு சுமார் 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கிளைக்கத் தொடங்கியது. அது பருவமழைக் காலநிலை உருவான காலம். சுமார் 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து கிளைகள் விரைவாகப் பெருகின. பருவமழை வலுத்து, ஆண்டின் மற்ற மாதங்கள் வறண்டு, காடுகளின் இடத்தில் திறந்தவெளிகள் விரிந்த காலம் அது. ஆகவே இத்தொகுதியின் பன்மைக்கு வறட்சி காரணமாக இருந்ததாகத் தோன்றுகிறது என ஆய்வு முடிவு செய்தது.

கடலூர்ப் பகுதியின் நிலவியலும் இதே காலத்தைத் தொடுகிறது. கடலூரை அடுத்த கேப்பர் மலையிலும் அதைச் சுற்றியும் காணப்படும் செந்நிறப் பாறைப்படிவு நிலவியலில் கடலூர் மணற்கல் எனப்படுகிறது. இது மயோசின், பிளியோசின் காலங்களைச் சேர்ந்தது. இதே படிவின் தொடர்ச்சியில்தான் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன பெருமரங்கள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் பெருமரக் காடுகள் இருந்ததற்குச் சான்றான அதே செம்மண் மேடுகள் இன்று முட்புதரும் முந்திரியும் வளரும் வறண்ட நிலங்களாக உள்ளன.

நடத்தை

இவை பகலில் இயங்குபவை. கோடை மாதங்களில் ஆண்கள் எளிதில் கண்ணில் படும். கல், கரையான் புற்று, மணல் முகடு, காய்ந்த குச்சி போன்ற உயர்ந்த இடத்தில் ஏறி முன்கால்களை நிமிர்த்தி நின்று, விசிறியை விரைவாக விரித்து மடக்கும். பெண்ணை ஈர்க்கவும், தன் இடத்தில் மற்றோர் ஆண் நுழையாமல் தடுக்கவும் இக்காட்சி பயன்படுகிறது. மற்றோர் ஆண் நெருங்கினால் துரத்தலும் சண்டையும் நடக்கும். விசிறி மடிந்திருக்கும்போது ஆணும் தரையோடு தரையாக மறைந்துவிடும்.

எறும்பு, கரையான், வண்டு, வெட்டுக்கிளி முதலியவை உணவு. ஓரிடத்தில் காத்திருந்து, இரை அசையும்போது பாய்ந்து பிடிப்பது இதன் முறை. கீச்சான், செம்போத்து, வெண்மார்பு மீன்கொத்தி, வல்லூறு, பாம்புகள், வீட்டுப் பூனை ஆகியவை இத்தகைய சிறு ஓணான்களைத் தின்பவை.

பெண் ஓணான் தரையில் சிறு குழி தோண்டி முட்டையிட்டு மண்ணால் மூடிவிடும். அதன்பின் முட்டைகளைக் காப்பதில்லை. வெயில் படாமல் நிழல் மூடிய மண்ணிலும், மழைக்காலத்தில் நீர் தேங்கும் மண்ணிலும் முட்டைகள் பொரிப்பது கடினம். நீர் வடியும் மணல் மேடுகள் இவ்வகையிலும் முக்கியமானவை.

கடலூர், சிதம்பரம் நிலப்பகுதி

இப்பகுதியின் நிலம் மூன்று வகையானது. விசிறித்தொண்டை ஓணானின் வாழிடம் இவற்றில் இரண்டில் அமைகிறது.

முதலாவது, கடலூருக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள செம்மண் மேட்டுநிலம். கேப்பர் மலையிலிருந்து நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமாக இது விரிகிறது. முந்திரியும் பலாவும் இதன் முக்கியப் பயிர்கள். தோப்புகளுக்கு இடையே சூரை, காரை, கிளுவை போன்ற முட்செடிகள் வளர்ந்த திறந்த இடங்கள் உள்ளன.

இரண்டாவது, கடலை ஒட்டிய மணற்பட்டை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகளின் கழிமுகங்கள் இப்பட்டையைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, கிள்ளை முதலிய ஊர்கள் இப்பட்டையில் அமைந்தவை. கடற்பக்கத்தில் ராவணன் மீசையும் அடம்பும் மணலைப் பிடித்து நிற்கும். உட்பக்கத்தில் பனையும் தாழையும் முட்புதர்களும் வளரும். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பழைய மணல் முகடுகள் கரையிலிருந்து உள்நோக்கியும் வரிசையாகக் காணப்படுகின்றன.

மூன்றாவது, சிதம்பரத்தைச் சுற்றிய வண்டல் நிலம். வீராணம் ஏரியும் வாய்க்கால்களும் பாசனம் தரும் இந்நிலம் நெல்வயல்களால் ஆனது. கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை, அக்காட்டில் வளரும் தில்லை மரத்தின் பெயர். சேறும் நீரும் நிறைந்த இந்நிலம் விசிறித்தொண்டை ஓணானுக்கு ஏற்றதன்று. வயலுக்கும் அலையாத்திக்கும் இடையே உயர்ந்து நிற்கும் மணல் முகடுகளே சிதம்பரம் பக்கத்தில் இதன் வாழிடமாகும் தன்மை கொண்டவை. அவை அகலம் குறைந்தவை, ஒன்றோடொன்று தொடர்பற்றவை. 5 செ.மீ. உடல் கொண்ட ஓர் ஓணான் நடவு வயலையோ ஆற்றையோ கடந்து அடுத்த முகட்டுக்குச் செல்வது அரிது. ஒரு முகட்டில் அழிந்தால் மற்றொரு முகட்டிலிருந்து வந்து நிரப்பும் வாய்ப்பும் குறைவு.

இதே நிலத்தின் பிற சிறு பல்லிகள்

விசிறித்தொண்டை ஓணானுடன் குழப்பிக்கொள்ளக்கூடிய பல்லிகள் சில இவ்வகை நிலங்களில் உள்ளன.

தோட்ட ஓணான்: உடல் பெரியது, கழுத்தின் மேல் முள்போன்ற செதில் வரிசை உண்டு, பின்னங்காலில் ஐந்து விரல்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தோளும் சிவக்கும். மரம், வேலி ஆகியவற்றில் ஏறும்.

ஓபிசாப்சு: உடல் மெலிந்தது, முதுகின் இருபுறமும் வெளிர்நிறக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். சருகுகளுக்கு இடையே ஓடும். விசிறி இல்லை.

அரணைகள்: உடல் வழவழப்பாக மின்னும், கால்கள் குட்டையானவை. பிப்ரான் அரணை கடலோர மணலில் வாழ்வது. விசிறி இல்லை.

வாழிட மாற்றம்

விசிறித்தொண்டை ஓணானின் நிலத்துக்கு வரும் மாற்றங்கள் இரண்டு எதிரெதிர் திசைகளிலிருந்து வருகின்றன. ஒன்று நிலத்தை அகழ்ந்தோ கட்டடத்தால் மூடியோ போக்குவது. மற்றொன்று நிலத்தைப் பசுமையாக்குவது.

முதல் வகை வெளிப்படையானது. 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கங்கள் செம்மண் மேட்டுநிலத்தில் அமைந்துள்ளன. கடலூருக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டை கடலோரத்தை ஒட்டியுள்ளது. வீட்டுமனைகள், சாலை விரிவாக்கம், மணல் அள்ளுதல் ஆகியவை மணற்பட்டையைக் குறைக்கின்றன.

இரண்டாவது வகை நன்மையாகவே பார்க்கப்படுவதால் கவனத்துக்கு வருவதில்லை. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கடற்கரையைக் கடுமையாகத் தாக்கியது. அதன்பின் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் அலைத் தடுப்பு அரணாகச் சவுக்கு மரங்கள் பரவலாக நடப்பட்டன. திறந்த மணல் மேடுகளும் இதற்குப் பயன்படுத்தப்பட்டன. சவுக்கு ஆத்திரேலியா, தென்கிழக்காசியப் பகுதியைச் சேர்ந்த மரம். அதன் ஊசிபோன்ற சருகு தடித்த மெத்தையாகத் தரையை மூடும்; கீழே புல்லும் அடம்பும் வளர்வது குறையும்; நிழல் தொடர்ச்சியாக விழும். வெயிலும் நிழலும் அடுத்தடுத்து வேண்டிய ஓர் ஓணானுக்கு அத்தோப்பு உதவுவதில்லை. மணல் மேட்டைத் தடுப்பாகத் தோப்பு மாற்ற முடியுமா என்ற கேள்வியையும் கடலியல் ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். இயற்கையான மணல் மேடே அலைக்கு முதல் தடை என்பது அவர்களின் வாதம்.

சீமைக் கருவேலம் அடர்ந்து பரவும் இடங்களிலும் இதே விளைவு ஏற்படுகிறது. ஆனால் மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும் பழைய முந்திரித் தோப்புகளில் திறந்த தரை ஓரளவு எஞ்சும். 2011 திசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் கடலூர் மாவட்டத்தில் முந்திரி, பலா மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. உழவர்களுக்குப் பேரிழப்பாக அமைந்த அப்புயலுக்குப் பின் தோப்பு நிலங்கள் எவ்வாறு மறுபடி பயன்படுத்தப்பட்டன என்பது இத்தகைய தரைவாழ் உயிரினங்களையும் பாதிக்கும் செய்தியாகும்.

இம்மாற்றங்களுக்குப் பின்னால் நிலத்தை வகைப்படுத்தும் முறை உள்ளது. விளைச்சல் தராத, மரம் இல்லாத நிலம் வருவாய்த்துறை வழக்கில் தரிசு ஆகிறது. நடுவண் அரசு வெளியிடும் இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் நிலங்களும் கடலோர மணற்பரப்பும் தரிசின் வகைகளாகவே கணக்கிடப்படுகின்றன. தரிசு என்று பெயர் பெற்ற நிலம் மேம்படுத்தப்பட வேண்டிய நிலமாகிறது. அங்கே மரம் நடுவதற்கும் தொழிற்சாலை அமைப்பதற்கும் எதிர்ப்பு எழுவதில்லை. காடு அழிந்தால் இழப்பு என்று எழுதும் பதிவேட்டில், புதர்நிலம் அழிவது பல நேரங்களில் முன்னேற்றமாகப் பதிவாகிறது.

உணவு வலையில் இடம்

விசிறித்தொண்டை ஓணான்கள் எண்ணிக்கையில் மிகுந்து, பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் நடுவே நிற்பவை. இவ்விடத்தின் முக்கியத்துவத்தை மகாராட்டிரத்தின் சால்கேவாடி பீடபூமியில் மரியா தாக்கர், அமோத் சாம்ப்ரே, ஹர்சல் போசலே ஆகியோர் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காற்றாலைகள் உள்ள பகுதியில் ஓணானைத் தின்னும் பறவைகள் குறைந்தன. அதனால் அங்கே சரடா சூப்பர்பா ஓணான்களின் அடர்த்தி கூடியது. ஆனால் அவை மெலிந்திருந்தன; அச்சம் குறைந்து மனிதர் நெருங்கும்வரை ஓடாமல் நின்றன; விசிறியின் நிறமும் மங்கியது. ஒரு திறந்தவெளியில் மேலடுக்கில் ஏற்படும் மாற்றம், கீழே ஓர் ஓணானின் உடலிலும் நிறத்திலும் எதிரொலிக்கிறது என்பதை இது உறுதிப்படுத்தியது. வெறுமையாகத் தோன்றும் நிலத்திலும் முழுமையான உணவு வலை இயங்குவதற்கு இது சான்று.

பாதுகாப்பு

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் (2011, 2019) மணல் மேடுகளைச் சூழல் உணர்திறன் மிக்க முதல் வகை மண்டலத்தில் சேர்த்துள்ளன. எனவே கடலூர், சிதம்பரம் கடலோரத்தின் மணல் மேடுகளுக்குச் சட்ட அடிப்படையில் ஓரளவு காப்பு உண்டு. உள்நாட்டுச் செம்மண் புதர்நிலங்களுக்கு அத்தகைய காப்பு இல்லை.

இவ்வோணானுக்காகப் பெரிய சரணாலயம் தேவையில்லை. மணல் மேட்டில் மரம் நடும்போது முழுப் பரப்பையும் மூடாமல் திறந்த பட்டைகளை விடுவது, ராவணன் மீசை, அடம்பு போன்ற உள்ளூர்த் தாவரங்களைப் பேணுவது, தோப்புகளின் இடையே முட்புதர் கொண்ட ஓரங்களை எரிக்காமல் விடுவது ஆகியவை போதிய பயன் தரும். ஊராட்சி அளவில் செய்யக்கூடியவை இவை.

பெயர் பிரிந்த பிறகு பழைய பதிவுகளை அப்படியே பயன்படுத்த முடியாது. தமிழ்நாட்டிலேயே பாண்டிசெரியானா, விசிறி, மருதம்நெய்தல் எனத் தோற்றத்தில் நெருங்கிய சிற்றினங்கள் உள்ளன. எனவே புதிய பதிவு செய்வோர் ஊரின் பெயர், நாள், நிலத்தின் வகை ஆகியவற்றைக் குறிப்பதும், விரிந்த விசிறி, முதுகு, பின்னங்கால் விரல்கள் ஆகியவை தெளிவாகத் தெரியும் ஒளிப்படங்களை எடுப்பதும் தேவை. கோடைக்காலத்தில் காலை வெயில் ஏறிய பின், சற்றுத் தள்ளி அசையாமல் அமர்ந்திருந்தால் ஆண் ஓணான் மேட்டில் ஏறி விசிறியை விரிப்பதைப் பிடிக்காமலும் துரத்தாமலும் பதிவு செய்யலாம்.